பெருங்கணிப்பொறியும் நம் பிள்ளைகளும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிப் பைக்காராவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் என்னைப் பணித்தனர். நான் பி.ஏ., பி.எட். படித்த பள்ளித் தலைமையாசிரியன், பொறியாளன் அல்லேன். ஆயினும் மறுக்காமல் இசைந்தேன். காரணம் ஒன்றுண்டு. ஒரு கலையை ‘அது நமக்கு விளங்காது’ என்று ஒரு கூட்டத்தார் நம்பிவிடுவார்களானால், அவர்களை அக்கலையின் வாசலிலேயே நிறுத்திவைக்க வேறு காவலாளி தேவையில்லை. எழுத்தறிவு அவ்வாறுதான் நம் முன்னோர்க்கு எட்டாமல் வைக்கப்பட்டிருந்தது. கணிப்பொறி பற்றிய அறிவும் அவ்வாறு ஆகிவிடக் கூடாது. ஆதலின் கைப்பேசியையோ மடிக்கணினியையோ பற்றிப் பேசாமல், அவற்றுக்கெல்லாம் மூத்ததாகிய பெருங்கணிப்பொறியை, அதாவது மெயின்ஃபிரேம் என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மூத்ததன் உறுப்புகளை அறிந்தவனுக்கு இளையவை எளிதில் விளங்கும்.

பைக்காரா தரும் உவமை

இவ்வூரில் நின்று பேசுகிற எனக்கு உவமை தேடி வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. பைக்காரா நீர்மின் திட்டம் 1929-இல் தொடங்கப்பெற்று 1932-இல் மின்சாரம் தரலாயிற்று. இவ்வாற்று நீர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து இரும்புக் குழாய்களின் வழியே சிங்காராவுக்கு இறங்கி, அங்குள்ள சுழலிகளைச் சுழற்றியது. அங்கே பிறந்த மின்சாரம் கம்பி வழியே கோவைக்குச் சென்று நூற்பாலைகளை ஓட்டிற்று. ஒவ்வோர் ஆலையும் தனக்கென ஒரு மின்நிலையம் கட்டிக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் பெரிய நிலையம். பல இடங்களில் பயன். பெருங்கணிப்பொறியின் கருத்தும் இதுவே. ஓரிடத்தில் வலிமை மிக்க பொறி ஒன்று இருக்கும். வங்கியின் நூற்றுக்கணக்கான கிளைகளும், ரயில்வேயின் பல அலுவலகங்களும் தத்தம் கணக்கை அதனிடம் அனுப்பி விடை பெறும்.

பைக்காராவைப் பற்றி நம் மூத்தோர் மற்றொன்றையும் சொல்லக் கேட்டிருக்கிறோம். மலையில் கல் சுமந்தவர்களும் மண் வெட்டியவர்களும் வாழ்ந்த குடியிருப்புகளில், பல ஆண்டுகள் வரை மண்ணெண்ணெய் விளக்கே எரிந்ததாம். ஆலைக்குப் போன வெளிச்சம் அருகிலிருந்த குடிசைக்கு வரவில்லை. ஒரு பெரிய பொறி வந்துவிட்டால் அதன் பயன் எல்லார்க்கும் தானாக வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு என்பதை இவ்வூர் நமக்குக் கற்பித்திருக்கிறது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு பொறியைக் காண்போம்.

பொறி வந்த வரலாறு

‘மெயின்ஃபிரேம்’ என்றால் முதன்மைச் சட்டகம் என்று பொருள். கணிக்கும் பகுதியும் நினைவகமும் ஆளுயர இரும்புச் சட்டகங்களில் பொருத்தப்பட்டிருந்தமையால் இப்பெயர் வந்தது. இந்தியாவின் முதற் கணிப்பொறி 1950-களின் நடுவில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில், பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே ஒரு பொறியைக் கட்டத் தொடங்கினர். உதகையை அடுத்த முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்திற்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1970-இல் அதனை நிறுவியவர்களும் இந்நிறுவனத்தாரே. அவர்கள் கட்டிய கணிப்பொறி 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்றவர்.

அலுவலகக் கணக்குக்காக நாட்டில் பரவலாக வந்தது ஐ.பி.எம். நிறுவனத்தின் 1401 என்னும் பொறியாகும். 1959-இல் அறிமுகமான இப்பொறி உலகெங்கும் பல்லாயிரக் கணக்கில் விற்பனையாயிற்று. பிற நாடுகளில் பயன்படுத்தித் திரும்பப் பெற்ற பொறிகளே இங்குப் புதுப்பிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன என்பது பின்னர்ப் பெரிய விவாதமாயிற்று. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி அந்நிறுவனம் தன் பங்குரிமையைக் குறைத்துக்கொள்ள இசையாமல் 1978-இல் நாட்டை விட்டு வெளியேறியது. அது விட்டுச் சென்ற பொறிகளைப் பழுது பார்த்து ஓட்டியவர்கள், அரசு நிறுவனமாகிய சி.எம்.சி.யில் பணியாற்றிய நம் நாட்டுப் பொறியாளர்கள். அயல்நாட்டார் போனால் பொறிகள் நின்றுவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. பொறிகள் நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் பெருங்கணிப்பொறி என்றவுடன் நினைவுக்கு வருவது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமாகும். மேற்கு ஜெர்மனியின் உதவியால் 1959-இல் தோன்றிய அக்கழகம், அதே நாட்டின் உதவியால் 1973-இல் ஐ.பி.எம். 370/155 என்ற பொறியைப் பெற்றது. அக்காலத்தில் நம் நாட்டுக் கல்வி நிலையம் ஒன்றில் இருந்த மிகப் பெரிய பொறிகளுள் அதுவும் ஒன்று. குளிரூட்டப்பட்ட தனிக் கூடத்தில் வைத்து அதனைப் பேணினர்.

கணக்கு நடந்த முறை

இப்பொறி வேலை செய்வது எவ்வாறு? நமக்குத் தெரிந்த தோட்டத்துச் செக்ரோல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் தொழிலாளர் வேலை செய்யும் ஒரு தோட்டம். மாதம் 25 நாள் வேலை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் பறித்த கொழுந்து இத்தனை கிலோ என்று எடை போட்டுக் குறிக்க வேண்டும். மாத முடிவில் அவற்றைக் கூட்டி, அளவுக்கு மேல் பறித்ததற்கு உபரித் தொகை சேர்த்து, முன்பணமும் சேமநிதியும் கழித்து, கைக்கு வரும் தொகையைக் காண வேண்டும். கணக்கப்பிள்ளைகள் இரவும் பகலும் உட்கார்ந்து எழுதும் வேலை இது.

பழைய பெருங்கணிப்பொறியில் இதனை இவ்வாறு செய்வர். ஒருவரின் ஒரு நாள் கணக்குக்கு ஓர் அட்டை. அவ்வட்டையில் 80 பத்திகளும் 12 வரிசைகளும் உண்டு. முதல் நான்கு பத்திகளில் தொழிலாளர் எண், அடுத்த ஆறில் தேதி, அடுத்த மூன்றில் எடை என்று வகுத்துக்கொண்டு, எண்ணுக்குரிய இடத்தில் துளையிடுவர். பத்தியில் ஏழாம் எண் வரிசையில் துளை இருந்தால் அவ்விடத்தின் எண் 7. துளையிடும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தனர். ஒருவர் துளையிட்டதை மற்றொருவர் மீண்டும் தட்டிச் சரிபார்ப்பார். இரண்டும் ஒவ்வாவிடில் பொறி காட்டிக் கொடுக்கும்.

நம் தோட்டத்திற்கு மாதம் 25,000 அட்டைகள். 1401 பொறியின் அட்டை படிப்பான் நிமிடத்திற்கு 800 அட்டை படிக்கும். ஆக அரைமணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகும். படித்தவற்றை எண் வரிசையாக அடுக்கி, ஒவ்வொருவரின் நிலையான விவரங்களும் பதிவாகியுள்ள காந்த நாடாவோடு ஒத்துப் பார்த்துக் கூட்டிக் கழித்து, புதிய நாடாவில் எழுதும். பின்னர் அச்சிடும் பொறி நிமிடத்திற்கு 600 வரி வேகத்தில் சம்பளப் பட்டியலை அடித்துத் தள்ளும். ஆயிரம் பெயருக்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. இவ்வாறு வேலையைச் சேர்த்து வைத்து ஒருமிக்கச் செய்து முடிப்பதற்குத் தொகுதி முறை என்று பெயர்.

இதில் மந்திரம் ஏதேனும் உண்டா? பிரித்தல், வரிசைப்படுத்தல், ஒப்பிடுதல், கூட்டுதல், எழுதுதல் என்ற ஐந்தும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் வேலைகள். அவற்றை இடைவிடாமலும் சோர்வின்றியும் செய்வதே பொறியின் ஆற்றல்.

நினைவகம் என்னும் நெசவு

பொறி எண்களை எங்கே நினைவில் வைக்கிறது? நாம் 0 முதல் 9 வரை பத்து எண்களால் எழுதுகிறோம். பொறிக்கு 0, 1 என்ற இரண்டே போதும். 13 என்பதை 8, 4, 1 ஆகியவற்றின் கூட்டாகப் பிரித்தால், எட்டு உண்டு, நான்கு உண்டு, இரண்டு இல்லை, ஒன்று உண்டு; ஆகவே 1101. உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளைக் காட்டக்கூடிய எப்பொருளும் நினைவகம் ஆகலாம். அட்டையில் அது துளை. அன்றைய பெருங்கணிப்பொறிகளின் உள் நினைவகத்தில் அது காந்த வளையம்.

கடுகை ஒத்த சிறு ஃபெரைட் வளையங்களை வரிசை வரிசையாக அமைத்து, அவற்றின் நடுவே மெல்லிய கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோப்பார்கள். ஒரு வளையம் வலப்புறமாகக் காந்தம் ஏற்றிருந்தால் 1; இடப்புறமாக ஏற்றிருந்தால் 0. ஆயிரக்கணக்கான வளையங்களுள் ஒன்றை மட்டும் மாற்றுவது எப்படி? பண்டக அறைகள் வரிசையாக உள்ளன என்றும், ஒவ்வொன்றும் இரண்டு சாவி இட்டால்தான் திறக்கும் என்றும் கொள்வோம். கிடைவரிசைக்கு ஒரு சாவி, நெடுவரிசைக்கு ஒரு சாவி. இரண்டும் சந்திக்கும் அறை மட்டுமே திறக்கும். அதுபோல, ஒரு கிடைக்கம்பியில் பாதி மின்னோட்டமும் ஒரு நெடுங்கம்பியில் பாதி மின்னோட்டமும் விடுவார்கள். பாதி மின்னோட்டத்திற்கு வளையம் அசையாது. இரண்டு பாதியும் சேரும் ஒரே வளையம் மட்டும் திரும்பும். படிக்கும்போது வளையத்தின் நிலை அழிந்துவிடுமாதலால், படித்த உடனே மீண்டும் எழுதிவைக்கப் பொறியிலேயே ஏற்பாடு உண்டு. மின்சாரம் நின்றாலும் காந்தம் நிற்கும். ஆகவே நினைவும் நிற்கும்.

டிஃப்ராக் பொறியில் 2,048 சொற்களுக்கு இடம் இருந்தது. ஒரு சொல்லுக்கு 40 இரும இடங்கள். பெருக்கினால் 81,920 வளையங்கள். சென்னைக்கு வந்த 370/155 பொறியின் முதன்மை நினைவகமும் இத்தகைய வளையங்களால் ஆனதே. உலகின் பல தொழிற்சாலைகளில் இக்கம்பிகளைக் கோத்தவர்கள் பெண்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே பார்த்து, ஊசி கோப்பது போலக் கையால் கோத்தார்கள். கணிப்பொறியின் நினைவு, நெசவுக்கு நிகரான கைவேலையில் பிறந்தது. கைவேலை தாழ்ந்தது, மூளைவேலை உயர்ந்தது என்று பிரித்துப் பேசுவோர்க்கு இஃது ஒரு நல்ல பாடம். 1970-களில் வளையங்களின் இடத்தைச் சிலிக்கான் சில்லுகள் பிடித்துக்கொண்டன.

பெருமை எதில் உள்ளது?

விரைவாகக் கணிப்பது மட்டுமே பெருங்கணிப்பொறியின் சிறப்பு என்று பலர் கருதுகின்றனர். அதன் தனிச்சிறப்புகள் வேறு மூன்று உண்டு.

முதலாவது, வாய்க்கால் அமைப்பு. அட்டை படிப்பதும் நாடா சுழல்வதும் மிக மெதுவான வேலைகள். அவற்றுக்காகக் கணிக்கும் பகுதி காத்திருந்தால் காலம் வீணாகும். ஆகவே போக்குவரத்து வேலையை ‘சேனல்’ எனப்படும் தனி உறுப்புகளிடம் விட்டுவிட்டு, கணிக்கும் பகுதி அடுத்த வேலையைப் பார்க்கும். கொழுந்து மூட்டைகளை லாரியில் ஏற்றும் வேலையைத் தொழிற்சாலையில் பதம் பார்ப்பவர் செய்யாததைப் போன்றது இது.

இரண்டாவது, பலர்க்கும் ஒரே நேரத்தில் பணி செய்யும் ஒழுங்கு. இயக்க முறைமை என்னும் நிரல் தொகுதி, ஒருவரின் வேலைக்குச் சிறு நேரம், மற்றவர் வேலைக்குச் சிறு நேரம் என்று பங்கிடும். தொலைவிலுள்ள முனையங்களில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர்க்கும், பொறி முழுதும் தமக்கே உரியது போலத் தோன்றும். ஒருவரின் கணக்கில் மற்றவர் கை வைக்காதபடி காப்பதும் அதன் கடமை.

மூன்றாவது, நம்பகம். சுற்றுலா செல்லும்போது பேருந்தில் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, ஒவ்வோர் எட்டு இரும இடங்களோடும் ஓர் உபரி இடத்தைச் சேர்த்து, 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பொறி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். உறுப்பு ஒன்று பழுதானால் மாற்று உறுப்பு அவ்வேலையை ஏற்கும். இந்நம்பகத்தால்தான் பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் இன்றும் உலகெங்கும் பெருங்கணிப்பொறிகளைப் பயன்படுத்துகின்றன. 1401 பொறியின் நினைவகம் மிகுந்த அளவில் 16,000 எழுத்துகள். 2022-இல் வெளிவந்த இசட்16 என்னும் பொறியின் நினைவகம் 40 லட்சம் கோடி எழுத்துகள் வரை கொள்ளும். ஆயினும் 1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 குடும்பத்திற்காக எழுதிய நிரல்கள் பல, சிறு மாற்றங்களோடு இன்றும் அதில் ஓடும்.

வேலை பற்றிய அச்சமும் நம் நிலையும்

இனி நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தொடும் பகுதிக்கு வருகிறேன்.

1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முதலிய நிறுவனங்கள் கணிப்பொறிகளை நிறுவ முற்பட்டபோது, ஊழியர்கள் வேலை போய்விடும் என்று எதிர்த்தனர். கல்கத்தாவில் பொறி உள்ளே நுழையாதபடி ஊழியர்கள் அலுவலக வாசலில் காவல் இருந்த நிகழ்ச்சி வரலாற்றில் இடம் பெற்றது. தானியங்கிமயம் பற்றி ஆராய அமைந்த தாண்டேகர் குழு 1972-இல் தன் அறிக்கையைத் தந்தது. வங்கிகளில் 1983-இல் ஊழியர் சங்கங்களோடு ஏற்பட்ட உடன்பாட்டிற்குப் பின்னும், 1984-இல் வந்த ரங்கராஜன் குழுவின் அறிக்கைக்குப் பின்னும் கணிப்பொறிகள் படிப்படியாக நுழைந்தன.

இக்காலத்தை நம் சமூகத்தின் கண்கொண்டு பாருங்கள். அரசியல் சட்டம் தந்த உரிமையால் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினர்க்கான ஒதுக்கீடு 1970-இல் 12.5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்தது. நம் மாநிலப் பணிகளில் அது 18 விழுக்காடு. நம்முள் முதன்முதலாகப் பட்டம் பெற்ற தலைமுறை, வங்கியிலும் ரயில்வேயிலும் காப்பீட்டுக் கழகத்திலும் எழுத்தர் நாற்காலியில் அமரத் தொடங்கிய காலம் அது. பேரேடு எழுதுவதும், கூட்டிப் போடுவதும், பட்டியல் தயாரிப்பதும் அந்நாற்காலியின் வேலை. பெருங்கணிப்பொறி கையில் எடுத்துக்கொண்டதும் அதே வேலைதான். தலைமுறை தலைமுறையாக அந்நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நிரல் எழுதும் மேசைக்குச் சென்றனர். ஏனெனில் அவர்கள் வீட்டில் ஆங்கிலம் இருந்தது, கணிதம் இருந்தது, வழி சொல்ல அண்ணனும் மாமனும் இருந்தனர். நம்மவர் வந்து அமர்ந்த வேளையில் நாற்காலிகள் குறையலாயின. நிரல் எழுதும் வேலையோ பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுக்குச் சென்றது. அங்கே இடஒதுக்கீடு இல்லை.

இதற்காகப் பொறியைப் பழிப்பதில் பயனில்லை. வாசலில் நின்று அதனைத் தடுத்தவர்களாலும் நெடுநாள் தடுக்க முடியவில்லை. ஒதுக்கீட்டு உரிமைக்காகக் குரல் கொடுப்பதும், பொறியின் உள்ளே நுழையக் கற்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டையும் ஒருசேரச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

உள்ளே நுழைவது கடினமா? அலுவலகக் கணக்குக்காக 1960 முதல் வழங்கிவரும் கோபால் என்னும் நிரல் மொழியில் ‘கூட்டு’, ‘பெருக்கு’, ‘எடுத்து வை’, ‘படி’, ‘எழுது’ என்ற பொருளுடைய சாதாரண ஆங்கிலச் சொற்களே கட்டளைகளாகும். சில நூறு ஆங்கிலச் சொற்களும், படிப்படியாகச் சிந்திக்கும் பழக்கமும் உடைய மாணவனுக்கு அது எட்டும். ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதி அட்டையில் இடம் மிச்சப்படுத்திய பழைய வழக்கத்தால், 2000-ஆம் ஆண்டு பிறந்தால் 00 என்பதைப் பொறிகள் 1900 என்று கொள்ளுமே என்ற கலக்கம் உலகெங்கும் எழுந்தது நினைவிருக்கும். அப்பழைய நிரல்களை வரி வரியாகப் படித்துத் திருத்தும் வேலை, சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குக் கிடைத்தது. அவ்வேளையில் நம் ஊர்களில் அதற்கு ஆயத்தமாக இருந்தவர் எத்தனை பேர்? இத்தகைய கதவுகள் முன்னறிவிப்பின்றித் திறக்கின்றன. அப்போது வாசலில் நிற்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்.

பொறிக்குச் சாதி தெரியுமா?

பொறிக்குச் சாதி தெரியாது என்று சிலர் புகழ்ந்து பேசுகின்றனர். இது பாதி உண்மை. பொறிக்குத் தெரிவது, பத்தியில் எழுதப்பட்டது மட்டுமே. எந்தப் பத்தியில் என்ன எழுத வேண்டும், எந்த விதிப்படி ஒருவர் பட்டியலில் சேர்வார் அல்லது விடுபடுவார் என்பதை எழுதுபவர் மனிதர். ஓர் எழுத்தர் தவறு செய்தால் அவர் மேசைக்கு வந்தவர் பாதிக்கப்படுவார். அவரோடு வாதாடலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம். நிரலில் ஒரு விதி தவறானால், அவ்விதிக்கு உட்பட்ட பல்லாயிரம் பேர் ஒரே நிமிடத்தில் விடுபடுவர். முறையிடச் சென்றால் ‘கணிப்பொறியில் வரவில்லை’ என்பது விடையாகக் கிடைக்கும்.

என் பணிக்காலத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நன்கு படிக்கும் ஒரு மாணவி. சாதிச் சான்றிதழில் அவள் பெயரின் முன்னே தந்தையின் முதலெழுத்து இருந்தது. வங்கிக் கணக்கில் அவ்வெழுத்து பெயரின் பின்னே இருந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஓர் எழுத்து கூடுதல். இரண்டும் ஒருவரே என்று அறிய நமக்கு ஒரு நொடி போதும். பொறி வேறு வேறு ஆள் என்று கொண்டது. அவளுடைய உதவித்தொகை ஓராண்டு வரவில்லை. கொழுந்து பறிக்கும் தாய், நாள்கூலியை விட்டு நான்கு முறை அலுவலகத்திற்கு நடந்தார். ஒவ்வொரு முறையும் கேட்ட விடை ஒன்றே. பொறி தன் கடமையைச் சரியாகவே செய்தது; இரண்டு எழுத்துகள் ஒத்துவரவில்லை, ஆகவே தள்ளியது. முதலெழுத்து முன்னும் பின்னும் வருவது தமிழர் வழக்கம் என்று விதி எழுதியவர்க்குத் தோன்றவில்லை, பறிகொடுத்தது அக்குடும்பம்.

இன்று நம் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவனின் விவரமும் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் பதிவாகிறது. அன்று அட்டையில் துளையிட்டதன் வழித்தோன்றலே இது. அன்று இருவர் தனித்தனியே தட்டிச் சரிபார்த்தார்கள் என்று சொன்னேன். அந்த இரண்டாம் பார்வையை இன்று நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

கழகத்தார் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் ஒரு நாள், நம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவு ஆகிய நான்கிலும் பெயரும் பிறந்த நாளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளனவா என்று பார்க்கும் முகாம் நடத்த வேண்டும். இதற்குச் செலவு இல்லை; கண்ணாடியும் பொறுமையும் போதும்.

இரண்டு, கழகத்தின் மாலை வகுப்புகளில் ஆறாம் வகுப்பு முதலே இரும எண் முறையையும், ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து எழுதும் பயிற்சியையும் தர வேண்டும். செக்ரோல் கணக்கையே பயிற்சியாகத் தரலாம். தன் தாயின் மாதச் சம்பளம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று வரி வரியாக எழுதத் தெரிந்த பிள்ளை, நிரல் எழுதத் தொடங்கிவிட்டான் என்றே பொருள். அத்தோடு தாயின் சம்பளச் சீட்டில் தவறிருந்தால் அதையும் கண்டுபிடிப்பான்.

மூன்று, பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் எடுக்க விரும்பும் பெண்பிள்ளைகளை, ‘அது ஆண்பிள்ளைகளுக்கு’ என்று சொல்லித் திருப்பாதீர்கள். அட்டையில் துளையிட்டதும் நினைவகத்தைக் கோத்ததும் பெண்களின் கைகள் என்பதை இப்போது அறிவீர்கள்.

நான்கு, நம் சமூகத்திலிருந்து படித்துச் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் கணிப்பொறி வேலையில் இருக்கும் தம்பி தங்கையர், ஆண்டுக்கு ஒரு வாரமேனும் மலையேறி வந்து வகுப்பெடுக்க வேண்டும். பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வழி சொல்ல அண்ணனும் மாமனும் இருந்தனர் என்றேன். நம் பிள்ளைகளுக்கு அந்த அண்ணனும் மாமனும் நீங்களே.

பெற்றோர்களே, பெருங்கணிப்பொறி என்பது உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகளை அடுக்கி, கூட்டி, ஒப்பிட்டு, எழுதும் ஒரு பொறி. அதனை ஆக்கியவர்களும் ஓட்டியவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே. பைக்காராவில் கல் சுமந்த கைகளுக்கு மின்நிலையத்தின் விசைப்பலகை எட்டவில்லை. கல் சுமந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு, இந்தப் பொறியின் விசைப்பலகையாவது எட்ட வேண்டும். அதற்குரிய கல்வியை இம்மலையில் 25 ஆண்டுகளாகத் தந்துவரும் கழகத்திற்கு என் பாராட்டுகள்.